சக்கரத்திற்கு இடம் செய்தல்

"செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுவதா?" என்று நம் பக்கத்தில் கேட்பதுண்டு. பொருந்தாத ஒன்றைப் பொருத்துவதற்காக நல்லதைக் கெடுப்போரை நோக்கி எழும் கேள்வி அது. ஆயினும் மோட்டார் உலகில் இதற்கு ஒப்பான ஒரு செயலை அறிந்தே செய்கிறார்கள். கல்லிலும் சேற்றிலும் செல்லும் ஜீப் வகை வண்டிகளுக்குப் பெரிய டயர் மாட்ட விரும்புவோர், இடம் போதவில்லையெனில் வண்டியின் மட்கார்டையே வெட்டி இடம் செய்கிறார்கள். முரட்டு வேலை போலத் தோன்றும் இதில் எவ்வளவு கணக்கும் பௌதிகமும் ரசாயனமும் அடங்கியுள்ளன என்பதை நம் சங்க நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மலையடிவாரத்தில் உள்ள இப்பல்கலைக்கழகத்தில் படிக்கும் நமக்கு, நாலு நாள் விடுமுறையில் ஊர் போய்த் திரும்புவது இயலாது. மலைக்குப் போய்த் திரும்புவது எளிது. சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மீண்டும் ஆராய்ச்சிக்கு வந்திருப்பவரும், நாம் அனைவரும் அண்ணா என்றே அழைப்பவருமான நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஜிம்னி வண்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறார். அதற்குப் பெரிய டயர் மாட்டலாமா, மட்கார்டை வெட்டலாமா என்று தேநீர்க் கடையில் மூன்று வாரமாக வாதம் நடக்கிறது. அந்த வண்டியில் ஏறப் போகிறவர்கள் நாமே. ஆதலால் வாதத்தை நிறுத்திவிட்டுக் கணக்கைப் பார்ப்பது நல்லது அன்றோ?

பெரிய டயர் எதற்கு?

2023-இல் இந்தியச் சந்தைக்கு வந்த இந்த ஜிம்னியில், முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த இரும்பு அச்சுகள் உள்ளன. அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களை அடக்கிய குண்டு போன்ற பெட்டி ஒன்று தொங்குகிறது. வழியில் கிடக்கும் கல் முதலில் முட்டுவது பெரும்பாலும் அதன்மீதுதான். ஸ்பிரிங்கை நீளமாக்கினால் வண்டியின் உடல் உயருமே தவிர, இந்தப் பெட்டி ஒரு நூல்கூட உயராது. அது சக்கரங்களோடு பிணைந்தது. அதை உயர்த்த ஒரே வழி டயரின் ஆரத்தைக் கூட்டுவதுதான்.

எவ்வளவு கூடும்? டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்களே விடை சொல்லும். ஜிம்னியின் டயரில் 195/80 ஆர் 15 என்றிருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இடையிலுள்ள எழுத்து ரேடியல் வகையைக் குறிப்பது. ஆகவே பக்கச்சுவர் 156 மி.மீ.; ரிம் 381 மி.மீ.; மேலும் கீழும் ஒரு சுவர் சேர்த்தால் டயரின் முழு விட்டம் 693 மி.மீ. ஆகிறது.

அண்ணா மாட்ட விரும்புவது 235/75 ஆர் 15. இதே முறையில் கணக்கிட்டால் அதன் விட்டம் 733½ மி.மீ. வித்தியாசம் 40½ மி.மீ. எனினும் அச்சு உயர்வது இதில் பாதியே, அதாவது ஏறத்தாழ 20 மி.மீ. "இரண்டு விரல்கடை உயரும்" என்று கடையில் வாதிட்ட நண்பர்கள் ஆரத்தையும் விட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். உயர்வது ஒரு விரல்கடைதான்.

அந்த ஒரு விரல்கடையின் பயன் என்ன? 15 சென்டிமீட்டர் உயரமுள்ள படிபோன்ற கல்லின்மேல், பின்னிருந்து தள்ளப்படும் ஒரு சக்கரம் ஏற வேண்டும் என்று கொள்வோம். கல்லின் முனையைச் சுழல் புள்ளியாக வைத்து, அச்சின் மட்டத்தில் செல்லும் தள்ளுவிசையையும் சக்கரத்தின் மீதுள்ள எடையையும் சமன்செய்தால், பழைய டயருக்கு எடையைப்போல் 1.45 மடங்கு விசை வேண்டும். புதிய டயருக்கு 1.37 மடங்கு போதும். 100-க்கு 6 பங்கு மிச்சம். சேற்றிலும் மணலிலும் பெரிய டயர் நீளமாகப் படிவதால், புதைவதும் ஓரளவு குறையும்.

கொடுக்க வேண்டிய விலை

இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. எஞ்சின் தரும் முறுக்கத்தைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதே தரையைத் தள்ளும் விசை. ஆரம் கூடியதால் இவ்விசை 100-க்கு 5½ பங்கு குறைந்துவிடுகிறது. கல்லேறுவதில் 6 பங்கு லாபம். இழுவையில் 5½ பங்கு நஷ்டம்! கணக்கு ஏறத்தாழ நேராகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் மலைவழிக்கென உள்ள தாழ்ந்த கியரில் விசை மிச்சமாகவே இருப்பதால், அங்கே நஷ்டம் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில்தான் அது தெரியும். ஏற்றத்தில் ஒரு கியர் முன்னதாகவே மாற்ற நேரும்.

வேகமானியும் பொய் சொல்லும். அது எண்ணுவது சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதையே. ஒரு சுற்றில் முன்பு 2177 மி.மீ. சென்ற வண்டி இப்போது 2304 மி.மீ. செல்கிறது. முன்பு முள் 60-ஐக் காட்டிய நிலையில் சென்ற வேகத்தைவிட, இப்போது அதே 60-இல் 100-க்கு ஏறத்தாழ 6 பங்கு கூடுதலாகச் செல்கிறோம். பிரேக்கும் அதே பழைய பிரேக்தான். நிறுத்த வேண்டிய சக்கரமோ பெரிதும் கனமும் ஆனது. ஸ்டெப்னியையும் மறத்தலாகாது. நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் நிலையில் ஒன்று மட்டும் வேறு சுற்றளவில் இருந்தால், இடையிலுள்ள பற்சக்கரங்கள் முறுகும். ஆகவே ஐந்தாவது டயரும் பெரிதாக வேண்டும். அதன் கனத்தைப் பின்கதவின் கீல் தாங்கவும் வேண்டும்.

இடம் எங்கே போதாது?

நிற்கும் வண்டியில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழைவதைக் கண்டு, "இடம் தாராளம்" என்று முடிவு செய்வோர் பலர். ஓடும் வண்டியின் சக்கரம் மூன்று விதமாக அசைகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் இடவலமாகச் சுழல்கிறது. ஸ்பிரிங் அமுங்கும்போது மேலே ஏறுகிறது. ஒரு சக்கரம் கல்லிலும் மறுசக்கரம் குழியிலும் இருக்கும்போது அச்சு முழுவதும் சாய்கிறது. ஒரே தண்டான அச்சில், மேலே ஏறிய சக்கரத்தின் உச்சி உட்புறமாகச் சாயும் என்பதைத் தாளில் ஒரு படம் போட்டாலே காணலாம். ஆகவே வெளி விளிம்பை மட்டும் வெட்டினால் போதாது. உட்புறச் சுவரிலும் டயர் உரசலாம்.

உரசும் இடங்கள் பெரும்பாலும் இவை: முன்சக்கரத்துக்கு முன்னால் பம்பரின் கீழ்மூலை; அதற்குப் பின்னால், கதவின் அடிப்பகுதி தொடங்கும் இடத்தில் இரு தகடுகள் சேர்ந்த மடிப்பு; மேலே மட்கார்டின் உதடு; உள்ளே, அச்சை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் நீண்ட கை. இவற்றில் கடைசியானதை மட்கார்டு வெட்டினால் தீர்க்க முடியாது. டயர் அகலமானதால் வருவது அது. ஸ்டியரிங் திரும்பும் எல்லையைத் திருகாணியால் சற்றுக் குறைக்கலாம். அப்படிச் செய்தால் வண்டி திரும்ப முன்னைவிட அதிக இடம் வேண்டும்.

உரசும் இடத்தை ஊகிக்கலாகாது. கண்டே அறிய வேண்டும். ஒரு பக்க முன்சக்கரத்தையும் மறுபக்கப் பின்சக்கரத்தையும் உறுதியான கட்டைகளின்மேல் ஏற்றி, ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்படி செய்து, டயரின் ஓரத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, ஸ்டியரிங்கை இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். வெள்ளைக் கோடு விழுந்த இடமே உரசும் இடம். நெருங்கியும் தொடாத இடங்களில் களிமண் உருண்டையை ஒட்டிவைத்தால், நசுங்கிய பின் எஞ்சும் கனமே அங்குள்ள இடைவெளியின் அளவு. டயரின் உண்மை அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறுவதால், கணக்கு வழிகாட்டுமே ஒழியத் தீர்ப்புச் சொல்லாது.

இடம் போதாவிட்டால்

சென்ற ஆண்டு அக்டோபர் விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் வாடகை வண்டி ஒன்றில் மலையேறித் திரும்பிக்கொண்டிருந்தோம். யாருடைய வண்டி என்பது இங்கே வேண்டா. பெரிய டயர் மாட்டி, மட்கார்டை வெட்டி, வெட்டிய விளிம்பை மடிக்காமலும் மூடாமலும் விட்டிருந்தார்கள். ஏறும்போது ஒன்றும் நேரவில்லை. இறங்கும்போது, பிரேக் பிடித்ததால் எடை முன்னே சாய்ந்தது. இடப்பக்கம் வளைந்ததால் வலப்பக்க ஸ்பிரிங் அமுங்கியது. அதே கணத்தில் சாலையில் ஒரு குழியும் வந்து சேர்ந்தது. மூன்றும் ஒன்றுகூடியபோது வலப்பக்க முன்டயர் மேலேறி அந்தத் தகட்டின் கூர்விளிம்பில் பட்டது. துணி கிழிவது போன்ற ஓசை. உடனே டயர் உட்கார்ந்துவிட்டது. வண்டி வலப்பக்கம் இழுத்துச் சென்று மலைச்சுவரில் உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை. இறங்கிப் பார்த்தபோது டயரின் பக்கச்சுவரில் ஒரு சாண் நீளத்துக்குக் கத்தியால் கீறியது போல் வெட்டு. சாலையின் இடப்பக்கம் பள்ளத்தாக்கு. அவ்வளைவு மறுபுறமாகத் திரும்பியிருந்தால் கிழிந்திருப்பது இடப்பக்க டயர்.

டயரின் தரைபடும் பகுதி தடித்தது. எஃகு இழைகள் உள்ளது. பக்கச்சுவரோ மெல்லியது, வளைந்து கொடுப்பதே அதன் வேலை. அதில் விழுந்த வெட்டைப் பங்சர் கடையில் ஒட்டிச் சரிசெய்வதில்லை. டயரையே மாற்ற வேண்டும். மட்கார்டு வெட்டும் வேலையில் எல்லாவற்றிலும் முக்கியமானது வெட்டிய பின் அந்த விளிம்பை என்ன செய்கிறோம் என்பதே.

உயர்த்துவதா, வெட்டுவதா?

"வெட்டுவானேன்? ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்திவிட்டால் இடம் தானே கிடைக்குமே" என்பது எதிர்க்கட்சியின் வாதம். இதில் இரு குறைகள் உண்டு.

முதலாவது: ஸ்பிரிங் நீளமானாலும், அச்சு மேலேறுவதைத் தடுக்கும் ரப்பர் முட்டு பழைய இடத்திலேயே இருந்தால், முழுதும் அமுங்கிய நிலையில் டயர் வந்து நிற்கும் இடம் முன்பிருந்ததேதான். உரசுவது அரிதாகும், ஒழியாது. அந்த முட்டையும் தாழ்த்தினால்தான் உயர்த்தியதற்குப் பொருள் உண்டு.

இரண்டாவது: வண்டியின் புவியீர்ப்பு மையம் உயர்ந்துவிடும். இரு சக்கரங்களுக்கிடையே 1400 மி.மீ., மையத்தின் உயரம் 700 மி.மீ. என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் அவ்வண்டி பக்கவாட்டில் 45 டிகிரி சாயும் வரை கவிழாது. பெரிய டயரால் மையம் 20 மி.மீ. உயர்ந்தால் அவ்வெல்லை சுமார் 44 டிகிரி. அத்துடன் ஸ்பிரிங்கையும் 50 மி.மீ. உயர்த்தினால், மையம் மேலும் 40 மி.மீ. அளவுக்கு ஏறி, எல்லை சுமார் 42½ டிகிரிக்கு இறங்கும். ஓடும் வண்டியில், ஸ்பிரிங்கும் டயரும் நசுங்கும் நிலையில், உண்மையான எல்லை இவற்றினும் குறைவே. கூரைமேல் நம் பெட்டி படுக்கைகளையும் ஏற்றினால் இன்னும் குறையும். சரிவான மலைவழியில் ஒவ்வொரு டிகிரியும் நமக்குச் சொந்தமான சொத்து. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் குறைவாக உயர்த்தி, தேவையான அளவு வெட்டுவதை விரும்புகிறார்கள்.

வெட்டும் முறை

நம்மூரில் டிங்கரிங் என்றும் இங்கே டென்டிங் என்றும் பலகை தொங்கும் பட்டறைகளில் இவ்வேலை நடக்கிறது. சேலத்தில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமனிடம் தொலைபேசியில் கேட்டேன். "மாப்ளே, வெட்டினதை ஒட்ட முடியாது. முதல்ல கொஞ்சமா வெட்டு, வண்டியை ஓட்டிப் பாரு, அப்புறம் இன்னும் கொஞ்சம் வெட்டு" என்றார். நூறு பக்கப் பொறியியலின் சாரம் அது.

முன் மட்கார்டும் பின் மட்கார்டும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் ஒற்றைத் தகடு, போல்ட்டால் பூட்டியது. தவறினால் வேறொன்று வாங்கி மாட்டலாம். பின்னது அப்படியன்று. வெளித்தகடும் உள்தகடும் உதட்டில் ஒன்றாகச் சேர்ந்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்யப்பட்டு, வண்டியின் உடலோடு ஒன்றியிருக்கும். அந்த உதட்டை அப்படியே வெட்டி எறிந்தால் இரு தகடுகளும் பிரிந்துவிடும். உடலின் உறுதி குன்றும். இடைவெளியில் நீரும் புழுதியும் புகும். ஆகவே அங்கே வெளித்தகட்டை மட்டும் கோட்டளவில் வெட்டி, உள்தகட்டில் சிறு சிறு கீறல்கள் இட்டு, நாக்குகள் போலாக்கி மேல்நோக்கி மடித்து, வெளித்தகட்டோடு மீண்டும் வெல்டிங் செய்து, இடுக்குகளைப் பசையால் அடைக்கிறார்கள். இடமும் கிடைக்கிறது, கூர்விளிம்பும் மறைகிறது. இம்மடிப்பைச் செய்யத் தெரியாத பட்டறையில் பின்பக்கத்தைத் தொடவே விடலாகாது.

வெட்டுமுன் உள்ளேயுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, மின்கம்பிகளும் கண்ணாடி கழுவும் நீர்க்குப்பியும் எங்கே உள்ளன என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் குழாய் செல்லும் பக்கத்தில் தீப்பொறி பறக்கும் கிரைண்டர் ஆகாது. தகடு வெட்டும் கத்தரியே தக்கது. அதில் சூடும் இல்லை, பொறியும் இல்லை. வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

வெட்டும் கோட்டில் கூரான மூலைகள் வரலாகாது. 1913-இல் சார்லஸ் இங்கிலிஸ் என்ற பொறியியலறிஞர், இழுக்கப்படும் அகன்ற தகட்டில் உள்ள துளையின் ஓரத்தில் தகைவு எவ்வாறு பெருகுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். வட்டத் துளையெனில் 3 மடங்கு. துளை நீண்டு அதன் முனை கூராகக் கூரத் தகைவு ஏறிக்கொண்டே போகும். மையத்திலிருந்து 10 மி.மீ. நீண்ட துளையின் முனை 0.1 மி.மீ. ஆரமுள்ளதாயின் 21 மடங்கு! கிரைண்டர் விட்டுச் சென்ற ஒரு சிறு பிசிறு, மலைச்சாலையின் ஓயாத அதிர்வில் விரிசலாக வளர்வது இவ்வாறே. ஆகவே மூலைகளை வளைவாக்கி, பிசிறுகளை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.

அடுத்தது ரசாயனம். வண்டித் தகட்டின்மேல் துத்தநாகப் பூச்சு இருப்பின், சிறு கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். கிரைண்டரின் சூடு விளிம்பையொட்டிய பூச்சை எரித்துவிடுகிறது. வெட்டுமுகத்திலோ வெறும் இரும்புதான். ஈரமும் காற்றும் பட்டால் துரு தொடங்கிவிடும். ஆதலின் அன்றே துத்தநாகம் கலந்த பிரைமரும் அதன்மேல் பெயிண்டும் பூச வேண்டும். இவற்றைச் செய்யாமல் ரப்பர் பட்டையை மட்டும் மாட்டி அழகு பார்ப்பது ஆபத்து. பட்டைக்குள் தேங்கும் நீர் துருவை வளர்க்கும். பட்டை அதை மறைக்கும்.

மட்கார்டு என்ற பெயரே அதன் தொழிலைச் சொல்கிறது. டயரின் உச்சி தரையைப் பொறுத்து வண்டியின் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் முன்செல்கிறது. அங்கிருந்து விடுபடும் கல் எதிரே வருவோரைத் தாக்கலாம். எவ்வளவு வெட்டினோமோ அதற்கு ஈடாக, டயரின் அகலம் முழுதும் மூடும்படி அகன்ற ரப்பர் விளிம்பு மாட்டுவது நம் பாதுகாப்புக்கு மட்டுமன்று, பிறர் பாதுகாப்புக்கும் ஆகும்.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்துள்ளது. போட்டிகளுக்கென்றே ஆன வண்டிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், அங்கே இறக்கி ஓட்டலாம். நம் அண்ணாவின் வண்டியோ நாள்தோறும் பொதுச்சாலையில் ஓடுவது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறியாமல் கத்தரியை எடுக்கலாகாது.

என் முடிவு

இவ்வளவும் பார்த்தபின் என் கருத்தைச் சொல்கிறேன். 215/75 ஆர் 15 என்றொரு அளவு உண்டு. அதன் விட்டம் 703½ மி.மீ.; அச்சு உயர்வது 5 மி.மீ. மட்டுமே. ஆனால் டயர் 20 மி.மீ. அகலமாகிறது, பெரும்பாலும் எதையும் வெட்ட நேராது. நாம் போகும் மலைவழிகள் மண்சாலைகளே. போட்டிக் களங்கள் அல்ல. நம் வண்டி இதுவரை சிக்கியது உயரம் போதாமல் அன்று. வழுவழுத்துப்போன டயர் சேற்றில் பற்றாமல்தான். புதிய, ஆழ்ந்த பள்ளங்களுள்ள டயரும், இடத்துக்குத் தக்க காற்றழுத்தமும் நமக்குப் போதும். 235-தான் வேண்டும் என்பாராயின், கணக்கும் களிமண்ணும் சொல்லும் அளவுக்கு மட்டும் வெட்டட்டும். விளிம்பை மடித்து மூடட்டும்.

அண்ணா இன்னும் இணங்கவில்லை. வரும் ஞாயிறு காலை விடுதியின் பின்புறத்தில் வண்டியைக் கட்டைமேல் ஏற்றிச் சுண்ணக்கட்டிச் சோதனை செய்ய மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆர்வமுள்ள நண்பர்கள் வரலாம். வருவோர் ஆளுக்கொரு களிமண் உருண்டை கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.